பிரெஞ்சு வண்டியில் நல்லெண்ணெய்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க தம்பி பாண்டிச்சேரியில பிரெஞ்சு வண்டியில்ல ஓட்டிக்கிட்டிருந்தான்!" என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தட்டில் இருந்த பஜ்ஜியைப் பார்த்தார். அந்த நாளில் செங்கல்பட்டில் எங்கள் தெருவில் மோட்டார் வண்டி என்று ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு இன்னொரு இடமும் பேசிக்கொண்டிருந்தார்கள். அது கவர்ன்மென்ட் உத்தியோகம். நான் இந்த இடத்துக்கே தலையாட்டினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிரெஞ்சு வண்டியின் பின்னால் உட்கார்ந்து, காற்றில் தலை கலைய, ஊர் பார்க்கப் போக வேண்டும் என்ற ஆசைதான் காரணம். வெளியே சொன்னால் சிரித்திருப்பார்கள்.

கல்யாணமாகி மெட்ராஸுக்கு வந்தோம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடித்தனம். எங்கே போனாலும் பஸ்தான். "வண்டி என்னங்க ஆச்சு?" என்று முதல் வருஷம் கேட்டபோது, வித்துட்டேன் என்றார். பிறகொரு நாள் கேட்டபோது, அது சிநேகிதனுடைய வண்டி என்றார். மூன்றாவது முறை, திருட்டுப் போய்விட்டது என்றார். நான் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே கணக்குக்கு மூன்று விடை எழுதுகிற பிள்ளை அந்தக் கணக்கைப் போடவே இல்லை என்று எனக்குத் தெரியும். அப்போதே என் மனசுக்குள் சந்தேகம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

ஸ்கூட்டராவது வாங்குங்களேன் என்றால், பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்பார். சைக்கிள் என்றால், மவுண்ட் ரோடு லாரிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறான் என்பார். எதற்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும். நான் இயல்பிலேயே சந்தேகப் பிராணி. ரேஷன் கடைத் தராசு முதல் பால்காரர் வரை யாரையும் விட்டதில்லை. ஆனால் கட்டிய புருஷனைச் சந்தேகப்பட்டுக்கொண்டே குடும்பம் நடத்துவது ஆயாசமான வேலை. பொய் சொல்லிப் பெண் எடுத்துவிட்டார்களோ என்ற நினைப்பு வருஷத்தில் நாலு முறையாவது வந்து, நெஞ்சில் கரித்துவிட்டுப் போகும்.

தொண்ணூறுகளின் நடுவில், மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் படிக்கப் போன வருஷம், ஒரு டெம்போ எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே, சாக்குப் பைகளுக்கு நடுவே, துருப்பிடித்த ஒரு வண்டி. பாண்டிச்சேரியில் நாத்தனார் வீட்டைப் புதுப்பிக்கிறார்களாம். பின்கட்டில் கிடந்த சாமான்களை ஒழித்தபோது இது அகப்பட்டதாம். பழைய குடித்தனக்காரர் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய மனிதர், பிரான்சுக்கே போய்விட்டவர். அவர் விட்டுப்போன வண்டி. நாத்தனார் அன்றே எஸ்.டி.டி. பூத்திலிருந்து கீழ் வீட்டுக்குப் போன் போட்டு, என்னைக் கூப்பிடச் சொன்னார். "தம்பி ஓட்டின வண்டியேதான்! அவன்கிட்ட சொல்லு, சந்தோஷப்படுவான்!" என்று கத்தினார்.

அதை இவரிடம் சொல்லிவிட்டு, இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட்டவர் முகம் அப்படி இருக்காது. வாசலில் போலீஸ் வந்து நின்றால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி வண்டியைப் பார்த்தார்.

ஆனால் மறுநாளே எனக்கு ஆச்சரியம். மாடிப்படிக்குக் கீழே பழைய பாய் ஒன்றை விரித்து, வண்டியைச் சாய்த்து, ஸ்பானரைக் கையில் எடுத்தார் மனிதர். எந்தத் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கழற்றியவற்றை இட்லித் தட்டுக் குழிகளில் வரிசையாகப் போட்டு வைத்தார். (புதுத் தட்டு. அதற்கு ஒரு சண்டை நடந்தது.) கம்பெனிக் குமாஸ்தா உத்தியோகத்தில் பேனா பிடித்த கை அது. வீட்டில் பல்பு மாற்றக்கூட நான்தான் ஸ்டூல் மேல் ஏற வேண்டும். அந்தக் கை இந்த வண்டியை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறதே! அப்படியென்றால் நாத்தனார் சொன்னது நிஜம். என் பழைய சந்தேகம் எழுந்து வெளியே போயிற்று. வெட்கமாகக்கூட இருந்தது.

அந்த வண்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பார்த்தால் கறுப்புச் சைக்கிள்தான், பெடலும் உண்டு. என்ஜின் முன் சக்கரத்துக்கு மேலே, ஹேண்டில்பாருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும். என்ஜினுக்கு அடியில் கையகலத்துக்கு ஒரு சொரசொரப்பான உருளை. ஒரு லீவரைத் தள்ளினால் என்ஜின் இறங்கி, அந்த உருளை டயர்மேல் அழுந்தும். உருளை சுற்றினால் டயர் சுற்றும், வண்டி போகும். லீவரை இழுத்தால் என்ஜின் மேலே தூக்கிக்கொள்ளும், பிறகு சும்மா பெடல் மிதித்துப் போகலாம். ஸ்டார்ட் செய்வதற்கு உதைப்பது கிடையாது. பெடல் மிதித்தோ தள்ளிக்கொண்டு ஓடியோ சக்கரத்தைச் சுழல விட்டு, லீவரைத் தள்ள வேண்டும். சக்கரம் உருளையைச் சுற்றிவிட, என்ஜின் பிடித்துக்கொள்ளும். மொத்த வண்டியும் அந்த உருளைக்கும் டயருக்கும் உள்ள உரசலில்தான் பிழைத்துக்கொண்டிருந்தது. மழை பெய்து டயர் நனைந்தால்கூட வழுக்கும் என்றார்.

பெட்ரோல் டேங்கில் துரு. ஜல்லியும் புளித்தண்ணீரும் போட்டு, ஒரு வாரம் வேளைக்கு ஒரு தரம் குலுக்கிக்கொண்டிருந்தார். பொறி கிளப்புகிற பாயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். என்ஜினோடு இருக்கும் சின்னப் பெட்ரோல் பம்புக்கு வேண்டிய மெல்லிய ரப்பர் தாளுக்காக, பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையை அலசினோம். டயர் பாண்டிச்சேரியில் யாரிடமோ சொல்லிவைத்து வந்தது. என்ஜினின் மின்சாரக் காயிலுக்குக் கம்பி சுற்றுவதற்கும், என்ஜினைத் திறந்து பேரிங் பார்ப்பதற்கும் மட்டும் சைதாப்பேட்டையில் ஒரு மெக்கானிக். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடிதான் அவருடைய கடை.

மெக்கானிக் கடை என்றால் எனக்குத் தெரியாதா? நல்ல சாமானைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பழையதைப் போட்டுவிடுவார்கள். அதனால் எங்கள் ஊரில் வண்டியை விட்டுவிட்டு வருகிற வழக்கமே கிடையாது. வேலை முடிகிற வரை ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஆண்கள் உட்காருவார்கள். என் வீட்டுக்காரரை நம்ப முடியாது, தூங்கிவிடுவார். லீவு போட்டுவிட்டு நானே உட்கார்ந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மெக்கானிக் கையையே பார்த்தேன். பரீட்சை ஹாலில் நடக்கிற மாதிரி நடுநடுவே எழுந்து நடந்தும் பார்த்தேன்.

மெக்கானிக் பொறுத்துப் பார்த்துவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்தார். "இன்னாக்கா இப்டி மொறச்சிக்கினு கீற? இந்த வண்டி சாமான வெச்சி நான் இன்னா பண்றது, சொல்லு? எந்த வண்டிக்கும் சேராது. பேரீச்சம்பழக்காரன்கூட வாங்க மாட்டான்."

"உங்களைச் சொல்லலைப்பா. பொதுவா பார்க்கிறேன்."

"பொதுவா பாரு. ஆனா அந்தாண்ட நின்னு பாரு. வெளிச்சத்த மறைக்கிற."

நான் ஸ்டூலை நகர்த்திக்கொண்டேன். பார்வையை நகர்த்தவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. இவர் அதைத் தள்ளிக்கொண்டு காம்பவுண்டுக்குள் ஓடுவார், லீவரைத் தள்ளுவார், பட்டென்று ஒரு புகை, பிறகு தடதடவென்று என்ஜின் பேசும். உடனே லீவரை இழுத்து, நின்ற இடத்தில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்பார். ஒவ்வொரு சாயங்காலமும் இதே. ஏறி உட்கார்ந்து பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். "பூஜை போடாம எப்படி ஏர்றது?" என்றார். நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். பின்னாலிருந்த இரும்பு கேரியரில் ஒரு பழைய தலையணையை மடித்துக் கட்டினேன், என் இடம் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்தோம். வண்டிக்குச் சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் மல்லிகைச் சரம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். கீழ் வீட்டுக்காரர் ஈஸிசேரை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ரிட்டயரான மனிதர். பெட்ரோல் வாடை தலைவலி தருகிறது என்று வண்டி வந்த நாள் முதல் முணுமுணுத்துக்கொண்டிருப்பவர். எதிர் மர நிழலில் இஸ்திரி போடுகிறவரும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார். நான் பட்டுப்புடவை. கற்பூரம் காட்டினோம். இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். லீவரைத் தள்ளினார். சர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். உருளை டயர்மேல் வழுக்கிக்கொண்டே போயிற்று. மறுபடி ஓடினார். மறுபடி சர்ர். குனிந்து பார்த்தால், உருளை முழுக்க எண்ணெய்.

"ஆயில் சீல் போயிடுச்சும்மா. என்ஜின்லேர்ந்து கசியுது."

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே?"

"போறதுன்னா ஒரே நிமிஷத்துல போயிடும்."

கீழ் வீட்டுக்காரர் ஈஸிசேரை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். பார்த்து, குறித்து வைத்துக்கொண்டேன்.

மறுபடி சைதாப்பேட்டை, மறுபடி ஸ்டூல். மெக்கானிக் சீலை மாற்றினார். "இனிமே ஒரு சொட்டு வராதுக்கா. என் கொயந்த மேல சத்தியம்" என்றார். அடுத்த ஞாயிறு மறுபடி எலுமிச்சம்பழம், மறுபடி கற்பூரம், மறுபடி சர்ர். உருளையில் எண்ணெய். மெக்கானிக் சத்தியம் செய்தவுடனேயே எனக்குத் தெரியும், இது ஏமாற்று வேலை என்று. அங்கே போய்ச் சத்தம் போட்டேன். அவரும் சத்தம் போட்டார். "போம்மா! இன்னாத்துக்கு இப்டி டென்ஷனாவுற? வேற சீலு போட்டுத் தரேன், எட்த்தும் போ!" என்று இன்னொன்றை மாட்டிக் கொடுத்தார். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை.

இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. இவர் முகம் கழுவ மேலே போன சமயம், உருளையில் விரலைத் தொட்டு முகர்ந்தேன். என்ஜினில் ஊற்றுகிற எண்ணெய்க்குக் கருகல் வாடை உண்டு; மாதக்கணக்கில் அந்த வாடையில் குடியிருந்தவளுக்குத் தெரியாதா? இது அது இல்லை. நாக்கில்கூட வைத்துப் பார்த்தேன். நல்லெண்ணெய். சுத்தமான செக்கு நல்லெண்ணெய்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எந்த என்ஜினும் நல்லெண்ணெய் கசியாது. யாரோ வந்து தடவிவிட்டுப் போகிறார்கள்.

யார் என்பதற்கு எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கீழ் வீட்டுக்காரருக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை தவறாமல் ஒரு தூக்குச்சட்டியில் நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டு, சனீஸ்வரருக்கு எள் விளக்குப் போடக் கோயிலுக்குப் போவார். போகிற வழியில்தான் மாடிப்படி. சனிக்கிழமை எண்ணெய், ஞாயிற்றுக்கிழமை சர்ர். கணக்கு டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்? பெட்ரோல் வாடை, தலைவலி, அந்த உதட்டோரச் சிரிப்பு, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

நேராகப் போய்க் கதவைத் தட்டினேன். "சார், உங்களுக்கு எங்க வண்டி பிடிக்கலைன்னா நேரா சொல்லலாமே. எண்ணெய் தடவற வேலை எதுக்கு?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஏம்மா, சனி பகவானுக்குன்னு எடுத்துட்டுப் போற எண்ணெயை உங்க சக்கரத்துல தடவுவேனா நான்? எனக்கு நடக்கறது போதாதா? இன்னும் ஏழரை வருஷம் கூட்டிக்கணுமா?"

இவர் மாடியிலிருந்து ஓடி வந்து, என் கையைப் பிடித்து மேலே அழைத்துக்கொண்டு போனார். "அவரைப் போய் ஏம்மா… பாவம் அவரு" என்று ஏதேதோ மென்று விழுங்கினார். இவர் காதுமடல் சிவந்திருந்தது. என் பேச்சால் வந்த கூச்சம் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை வரை போய், பின்பக்கச் சந்து வழியாகத் திரும்பி, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்றேன். அங்கிருந்து மாடிப்படிக்கு அடி நன்றாகத் தெரியும். கீழ் வீட்டுக்காரர் தூக்குச்சட்டியோடு வந்தார். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முந்தைய சண்டையின் வீம்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

கிளம்பலாம் என்று திரும்பியபோது, மாடிப்படியில் காலடி கேட்டது. இவர். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். தலை, மார்பு, முதுகெல்லாம் எண்ணெய் வழிய, இடுப்பில் காசித் துண்டு. எண்ணெய் ஊற வேண்டும் என்று அரைமணி நேரம் எங்காவது உட்கார்ந்திருப்பார். வண்டிக்கு முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையில் எண்ணெய்க் கிண்ணம். விரலைத் தொட்டு, குழந்தைக்கு உச்சியில் வைப்பது போல, உருளையில் நிதானமாகத் தடவினார். டயரிலும் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு ஒரு துணியால் பெயின்டில் பட்ட சொட்டை மட்டும் துடைத்துவிட்டு, மேலே போய்விட்டார்.

நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆத்திரத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது. இந்த மனுஷன் மாதக்கணக்கில் உழைத்து ஒரு வண்டியை உயிர்ப்பித்து, அதில் என்னை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகத் தானே எண்ணெய் தடவுகிறார். ஏன்? என்னோடு போக வெட்கமா? குண்டாகிவிட்டேன் என்றா? அந்தக் காலத்தில் இந்த வண்டியின் பின்னால் பாண்டிச்சேரியில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தார்களா, அந்த இடத்தில் என்னை உட்கார வைக்க மனசு வரவில்லையா? எனக்குத் தெரிந்த அத்தனை சந்தேகமும் அந்தத் தொட்டியடியில் வரிசை கட்டி நின்றது. நாத்தனாருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பதில் என்னவாக வருமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

ராத்திரி சமைத்தேன், பரிமாறினேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நாலாவது விடை ஒன்று வரும். எனக்கு விடை வேண்டாம், வண்டி கிளம்ப வேண்டும். அப்போது அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். ஞாயிறு விடிந்ததும், இவர் எழுவதற்கு முன்னால் கீழே போனேன். தலையில் நல்லெண்ணெய் போக எதைத் தேய்ப்போமோ அதையே தேய்த்தேன். ஒரு கிண்ணம் சீயக்காய்த்தூளைச் சுடுதண்ணீரில் குழைத்து, உருளையையும் டயரையும் தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி உலர வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். நறநறவென்று இருந்தது.

நல்ல நேரம் வந்தது. எலுமிச்சம்பழம் வைத்தேன். கீழ் வீட்டுக்காரர் கோபத்தோடுதான் இருந்தார், ஆனாலும் ஈஸிசேர் வாசலுக்கு வந்துவிட்டது. இவர் வண்டியிடம் போனார். குனிந்தார். மூக்கை உறிஞ்சினார். சீயக்காய் வாடை எந்தத் தமிழனுக்குத் தெரியாது? மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

தள்ளிக்கொண்டு ஓடினார். லீவரைத் தள்ளினார். என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது, லீவரை இழுத்து நிறுத்தினார். கேட்டுக்கு வெளியே, தெருவில், புகையும் சத்தமுமாக வண்டி நின்றது. இஸ்திரிக்காரர் கை தட்டினார்.

"ஏறுங்க" என்றேன்.

ஏறி உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில். ஒரு காலைப் பெடலில் வைத்தார். வண்டி லேசாகச் சாய்ந்தது, காலைத் தரைக்குக் கொண்டுவந்துவிட்டார். மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். "என்ன சார் யோசனை, போங்க!" என்று கீழ் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். இவர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தார். முழங்கை விறைத்திருந்தது. கண் தெருவைப் பார்க்கவில்லை, முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தில் வியர்வை.

நான் செங்கல்பட்டில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்வந்தவள். தெருவில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிக் கற்றுக்கொடுத்தவள். சைக்கிளில் முதல் முறை ஏறுகிற பிள்ளை எப்படி உட்காரும் என்று எனக்குத் தெரியும். இப்படித்தான் உட்காரும். முன் சக்கரத்தைத்தான் பார்க்கும்.

வேறு எந்தப் பெண்ணும் இல்லை. என் உடம்பு பருத்ததும் இல்லை. இவருக்கு ஓட்டத் தெரியாது. பெடல் மிதிக்கவே தெரியாது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, இத்தனை வருஷத்துப் பொய்மேல் ஏறி உட்கார்ந்து, விழப்போகிற நிமிஷத்துக்காக இந்த மனிதர் காத்துக்கொண்டிருக்கிறார். ஏற்றிவிட்டவள் நான்.

"என்னங்க, இருங்க இருங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். "மறந்தே போச்சு! முதல் ரவுண்டு நான் ஓட்டறதா கபாலீஸ்வரருக்கு வேண்டிக்கிட்டிருக்கேன். இறங்குங்க."

வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். "வேண்டுதலா? அப்ப சரி, அதை மீறக் கூடாது" என்று கீழ் வீட்டுக்காரரே எழுந்துவிட்டார். இவர் இறங்கினார். நான் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். இவர் பின்னால், நான் எனக்கென்று கட்டி வைத்த தலையணைமேல் உட்கார்ந்தார். சனி பகவானின் பக்தர், முந்தைய வாரத்துச் சண்டையை மறந்து, பின்னாலிருந்து தள்ளிவிட்டார். பெடலை நாலு மிதி மிதித்து லீவரைத் தள்ளினேன். வண்டி கிளம்பிவிட்டது.

அடையாறு பாலம் வரை போனோம். அவர் என் இடுப்பைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது. பாலத்தின் ஏற்றத்தில் வண்டி திணறியது. இரண்டு பேரை இழுக்கிற சக்தி அதற்கு இல்லை. அவர் இறங்கிக்கொண்டு, கேரியரைப் பிடித்துத் தள்ளியபடி கூடவே நடந்து வந்தார். பாலத்தின் நடுவில் நிறுத்தினேன்.

ஆற்றைப் பார்த்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னார். சொல்தாவின் வண்டியைத் துடைத்து, கழற்றி மாட்டியதெல்லாம் இவர்தானாம். சொல்தா ஒரே ஒரு முறை இவருக்கு ஓட்டக் கொடுத்தாராம். கடற்கரைச் சாலையில் அத்தனை பேர் முன்னாலும் விழுந்து, எல்லோரும் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு சைக்கிளைக்கூடத் தொட்டதில்லையாம். அக்காவுக்கு அது தெரியாது, தம்பி எந்நேரமும் வண்டியோடு இருந்ததைப் பார்த்து, ஓட்டுகிறான் என்றே நினைத்திருக்கிறார்.

"சரி. அக்கா சொன்னாங்க. பெண் பார்க்க வந்த அன்னைக்கே நீங்க இல்லேன்னு சொல்லியிருக்கலாமே?"

கேரியரில் நழுவியிருந்த தலையணையை இழுத்துச் சரிசெய்தார். "சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுவரைக்கும் நீ தலையே நிமிரல. அக்கா வண்டின்னு சொன்னதும் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தே. அதுக்கப்புறம் எப்படிம்மா இல்லேன்னு சொல்றது?"

நான் வண்டியைத் திருப்பினேன். நான் நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. அன்றைக்கு என் தங்கை எனக்குப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள், அவளுக்கு எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கும், கேட்டால் உண்டா இல்லையா என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். இன்றுவரை நான் அவளைக் கேட்கவில்லை.